ஆபிதா டீச்சர் சொன்ன சம்மதம்

தாராவியில் ஆபிதா டீச்சரைத் தெரியாத தமிழ் முஸ்லிம் வீடு குறைவு. நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால், கீழே பெல்ட்டும் பர்ஸும் தைக்கிற கார்கானாக்களும் மேல்மாடிகளில் வகுப்புகளுமாக ஒரு டிரஸ்ட் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே எட்டாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு மார்க்கப் பாடம் எடுக்கிற தீனியாத் டீச்சர் அவள். வேறு பள்ளிக்கூடங்களில் தீனியாத் பீரியட் என்றால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். ஆபிதாவின் வகுப்பில் வராது. தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூ செய்கிற முறையைச் சொல்ல ஆரம்பித்தால், குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் குடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரியின் முடியைப் பிடிக்கிற கதையில் போய் நிற்பாள். அமானிதம், நம்பி ஒப்படைத்ததைக் காப்பது என்று ஆரம்பித்தால், கார்கானாவில் பீஹார்ப் பையன்களைச் சோறு ஆறிப்போகும்வரை எழும்ப விடாத வாப்பாமார் பேச்சில் வந்துவிடுவார்கள். அந்த வாப்பாமாரின் பிள்ளைகளே எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

சும்மா பேச்சோடு நின்றதும் இல்லை. பத்தாவதோடு வீட்டில் உட்கார இருந்த பெண்பிள்ளைகள் சிலரை, வீட்டுக்கே போய்ப் பேசிக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறாள். ஜீஷான் என்று ஒரு பழைய மாணவன், சீர் வாங்கினால் நிக்காஹே வேண்டாம் என்று வீட்டில் பிடிவாதமாக நின்றுவிட்டான். அவனுடைய உம்மா ஆபிதாவை மார்க்கெட்டில் மறித்துச் சண்டை பிடித்தாள். அந்தச் சண்டையை ஆபிதா வெளியில் சொல்லமாட்டாளே தவிர, நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவாள்.

தலைமையாசிரியை பத்மஜா மாட்டுங்காக்காரி. ஆபிதாவை அவளுக்குப் பிடிக்கும். சமூக மாற்றத்தில் ஆசிரியர்களின் பங்கு என்று செம்பூரில் ஒரு கூட்டம் நடந்தபோது இவள் பெயரைத்தான் கொடுத்தாள். மேடையில் சால்வை போர்த்தினார்கள். அந்தப் படம் ஆபீஸ் ரூமில் தொங்கியது.

ஆபிதாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாடம் என்று ஒன்று உண்டு. பத்தாவதில் வருகிற நிக்காஹ் பாடம். பெண்ணுடைய சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்று புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கும். ஆபிதா அதற்கு ஒரு பீரியட் முழுக்க எடுத்துக்கொள்வாள். தன்னைக் கேட்காமல் வாப்பா முடித்துவைத்துவிட்டார் என்று ஒரு பெண் நபிகளிடமே போய் முறையிட்டதையும், நபிகள் அந்த முடிவை அவள் கையில் கொடுத்ததையும் அவள் சொல்லும்போது பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

"வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. காரணம் சொல்லணும்னுகூட இல்ல. அத உங்களுக்குக் குடுத்தது மனுஷங்க இல்ல," என்பாள்.

சஃப்ரீன் அந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டுப் போன பிள்ளை. பெல்ட் கார்கானா வைத்திருக்கும் மைதீன் பிச்சையின் மூத்த மகள். இப்போது செம்பூரில் காலேஜ் முதல் வருஷம். அவள் தங்கை சாயிமா இங்கே பத்தாவது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஸ்டாஃப் ரூமில் ஆபிதா தனியாக இருக்கும்போது சஃப்ரீன் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மிஸ், அம்பர்நாத்ல ஒரு மாப்பிள்ள பாத்திருக்காங்க."

"சாயிமா சொன்னா. நல்ல பையன்னு கேள்விப்பட்டேனே."

"நல்ல பையன்தான் மிஸ். எனக்கு வேண்டாம்."

ஆபிதா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "வேற யாரையாச்சும் மனசுல வச்சிருக்கியாட்டி?"

"நீங்களுமா மிஸ்? உம்மாவும் இதத்தான் கேட்டாங்க. யாரும் இல்ல. காரணம் இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லணும்னு நீங்க சொல்லிக் குடுக்கலியே."

ஆபிதாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தன் சொல் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து திரும்பி வருவதைக் கேட்க யாருக்குத்தான் பிடிக்காது.

"வீட்ல சொன்னியா?"

"சொன்னேன். வாப்பா சிரிக்காங்க. எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான் சொல்லும்ங்காங்க. உம்மா அழுவுதாங்க. நீங்க வந்து சொன்னா வாப்பா கேப்பாங்க மிஸ். மார்க்கம்னா அவங்களுக்கு நீங்கதான்."

"நான் பேசுதேன். நீ டென்ஷன் ஆவாத," என்றாள் ஆபிதா. அப்படியே செய்வதாகத்தான் நினைத்தும் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதீன் பிச்சையின் வீட்டுக்குப் போனாள். கார்கானாவுக்கு மேலே இரண்டு அறை. ஏணி மாதிரிப் படியில் ஏறி வந்தவளை உள்ளே கூட்டிப் போய் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தார்கள். வட்டிலப்பம் வந்தது. அவள் வாயைத் திறக்குமுன் மைதீன் பிச்சை ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், நீங்க வந்தது எங்களுக்கு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா. மாப்பிள்ள வீட்டுல என்ன சொன்னாங்க தெரியுமா, ஆபிதா டீச்சர்கிட்ட ஓதுன பிள்ளையா, அப்போ வேற விசாரிக்க வேண்டாம்னுட்டாங்க. சீர் ஒண்ணும் கேக்கல. எல்லாம் நீங்க இந்த ஊர்ல பேசிப் பேசி வந்ததுதான்."

சஃப்ரீனின் உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிக்காஹ் அன்னிக்கு நீங்க பிள்ளைக்குப் பக்கத்துலதான் இருக்கணும் டீச்சர். நான் பெத்தேன், நீங்கதான் ஆளாக்குனிய."

தட்டை வாங்க சஃப்ரீன் வந்தாள். வாங்கின பிறகும் அங்கேயே நின்றாள். ஆபிதாவுக்கு அவள் நிற்பது தெரிந்தது, எதற்கு நிற்கிறாள் என்பதும் தெரிந்தது. தொண்டைவரை வந்த வார்த்தையை என்ன செய்வதென்று தெரியாமல், "படிப்ப மட்டும் விட்ராம பாத்துக்கோங்க," என்றாள்.

"அதெல்லாம் பக்கா டீச்சர்," என்றார் மைதீன் பிச்சை.

படியிறங்கும்போது, இன்னொரு நாள் அவரைத் தனியாகப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நாள் வரவே இல்லை. பேசினீங்களா மிஸ் என்று சஃப்ரீன் போனில் கேட்டு அனுப்பினாள். துஆ செய்ம்மா, அல்லாஹ் நல்லதையே நாடுவான் என்று ஆபிதா பதில் அனுப்பினாள். அனுப்பிவிட்டு, அந்தப் பதிலை மறுபடி வாசிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நிக்காஹ் சயானில் ஒரு ஷாதி ஹாலில். பகல் விருந்து. மாடியில் பெண்கள் பகுதி. சஃப்ரீனைச் சுற்றி மல்லிகையும் அத்தரும் பெண்களின் பேச்சுமாக இருந்தது. ஆபிதாவைக் கைப்பிடித்து அழைத்துப் போய் அவளுக்கு வலப்பக்கம் உட்காரவைத்தார்கள். சஃப்ரீன் தலையைத் திருப்பவில்லை. கையை மட்டும் நகர்த்தி ஆபிதாவின் புர்காவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கீழேயிருந்து மைதீன் பிச்சையும் இரண்டு சாட்சிகளும் நிக்காஹ் பதிகிற தஃப்தரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் பெயரையும் அவன் தருகிற மஹர்த் தொகையையும் சொல்லி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார் வாப்பா. சஃப்ரீன் பேசவில்லை. திரும்பக் கேட்டார். உம்மா பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். கூடியிருந்த பெண்கள், வெட்கம் வெட்கம் என்று சிரித்தார்கள்.

சாட்சிகளில் வயதானவர் கண்டிப்பானவர். "நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத், பொண்ணு வாயால சொல்லணும்னு சொல்லிவிட்டிருக்காரு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க விஷயம். பின்னால பேச்சு வரக் கூடாது," என்றார்.

மைதீன் பிச்சைக்கு வேர்த்துவிட்டது. கீழே மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். அவர் ஆபிதாவைப் பார்த்தார். "டீச்சர், நீங்க கேளுங்க. உங்கள்ட்டன்னா சொல்லுவா."

ஆபிதா குனிந்தாள். சஃப்ரீனின் முக்காட்டுக்குள் வாயைக் கொண்டுபோய், "சொல்லும்மா," என்றாள். சஃப்ரீன் அவள் காதோடு சொன்னாள்.

"வேண்டாம் மிஸ்."

தெளிவாகத்தான் சொன்னாள். அழவில்லை, தடுமாறவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லுகிற பிள்ளை மாதிரி சொன்னாள். அத்தனை பேர் இருந்த அறையில் அதைக் கேட்டது ஆபிதா ஒருத்திதான்.

ஆபிதா நிமிர்ந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் நல்ல முகங்கள். அவள் மேல் மரியாதை வைத்திருந்த முகங்கள். அவற்றில் ஒன்றிலாவது கோபமோ மிரட்டலோ இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். பிற்பாடு அவள் தன்னிடமே சொல்லிப் பார்த்துக்கொண்ட சமாதானங்களில் இதுவும் ஒன்று, இதுவும் நிற்கவில்லை.

"சம்மதம்ங்குதா," என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பெரியவர். பெண்கள் குலவையிட்டார்கள். புர்காவின் ஓரத்தைப் பிடித்திருந்த கை விலகிக்கொண்டது. தஃப்தரை முன்னால் வைத்தபோது சஃப்ரீன் அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆபிதாவை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. யாரென்று அடையாளம் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மாப்பிள்ளைக்கு அம்பர்நாத்தில் புதுவீடு தயாராக வேண்டியிருந்ததால், பெண்ணை அழைத்துப் போவது சஃப்ரீனுடைய பரீட்சை முடிந்த பிறகு என்று பேசியிருந்தார்கள். அதுவரை அவள் வாப்பா வீட்டிலிருந்தே காலேஜுக்குப் போனாள். ஆபிதாவுக்கு இது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நல்ல பையன், படிக்க விடுகிறார்கள், சீர் வாங்கவில்லை, பழகினால் சரியாகிவிடும். மார்க்கெட்டில், பள்ளிக்கூட வாசலில், பார்க்கிறவர்கள் எல்லாம், உங்க பிள்ள நிக்காஹ் நல்லா நடந்துச்சு டீச்சர் என்றார்கள். அவளும் சிரித்தாள்.

ஆனால் தொழுகையில் நின்றால் ஓதியது மறந்தது. வகுப்பில் சாயிமா முதல் பெஞ்சில் இருந்ததால் அந்தப் பக்கம் பார்க்காமல் பாடம் நடத்தப் பழகினாள். நிக்காஹ் பாடம் வந்தபோது, போர்டில் தலைப்பை எழுதிவிட்டு, எல்லாரையும் புத்தகத்தைப் பார்த்து மௌனமாக வாசிக்கச் சொன்னாள். கதை சொல்லுங்க மிஸ் என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்டது. தொண்டை சரியில்லை என்றாள்.

பரீட்சை நெருங்கின சமயத்தில், ஒரு மத்தியானம், யாரோ பார்க்க வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாலிபன் நின்றிருந்தான். கம்பெனி பேட்ஜைக் கழற்றாமல் ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தான். சலாம் சொன்னான். "நான் உஸாமா. அம்பர்நாத்," என்றான்.

ஆபிதா சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே பேசினான். தெருவில் கைவண்டிகள் தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போன சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"டீச்சர், சஃப்ரீன் எனக்கு போன் பண்ணுனா. அவளே பண்ணுனா. அன்னிக்கு நான் வேண்டாம்னுதான் சொன்னேன், நீங்க தெரிஞ்சுக்கிடணும்ங்குதா. அவங்க வீட்டுல கேட்டா, பிள்ளைக்குப் பயம், சும்மா சொல்லுதாங்காங்க. எங்க உம்மாவும் அதத்தான் சொல்லுதாங்க. அவகிட்ட கேட்டேன், நீ சொன்னத யாராச்சும் கேட்டாங்களான்னு. ஆபிதா மிஸ் கேட்டாங்கன்னு சொன்னா."

ஆபிதா அவன் செருப்பைப் பார்த்தபடி, "வெட்கத்துல பிள்ளைங்க ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க சொன்னா நான் நம்பிருவேன் டீச்சர்," என்றான் உஸாமா. "அவ பொய் சொல்லுதான்னு நீங்க சொன்னா, சரி, சின்னப் பிள்ளன்னு நெனச்சுக்கிடுதேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேற சாட்சி இல்ல. எனக்கு உண்மை தெரிஞ்சாப் போதும்."

அவன் அப்படி வெள்ளையாகக் கேட்டதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அன்றைக்கு அந்த மாடியில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மட்டும் கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தாள். இவனையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறாள். எதுவும் தெரியாமல் கீழே மாலையோடு உட்கார்ந்திருந்தவன்.

"வேண்டாம்னுதான் சொன்னா," என்றாள். "நான்தான் மாத்திச் சொன்னேன்."

உஸாமா ஏன் என்று கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. "சரி டீச்சர்," என்று சொல்லிவிட்டு சயான் பக்கமாக நடந்து போனான்.

அன்று சாயங்காலமே கணவன் முகம்மது ஹனீபிடம் நடந்ததைச் சொன்னாள். அவனும் தோல் பை தைக்கிற சின்னக் கார்கானாக்காரன்தான், மைதீன் பிச்சைக்கு நெருங்கிய பழக்கம். தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையன் ஜமாத்துக்குக் கொண்டுபோவான், கூப்பிட்டுக் கேப்பாங்க மச்சான். நான் போய்ச் சொல்லப் போறேன்."

"இப்போ சொல்லுவ. அன்னிக்கு ஏன் சொல்லல?"

அவள் தரையில் கிடந்த தோல் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"அன்னிக்குச் சொல்லிருந்தா ஒரு விருந்துதான் கெட்டுப்போயிருக்கும். இப்போ அந்தப் பிள்ளைக்கு ஆயுசு முழுக்க ஒரு பேரு. நீ ஒருத்தி ஒரு வார்த்த சொல்லாததுனால." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். "போ. நானும் வாரேன். ஆனா உனக்காக நான் அங்க ஒண்ணும் பேச மாட்டேன்," என்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசல் மாடியில் ஜமாத் கூடியது. ஹஜ்ரத்தும் கமிட்டிக்காரர்களும் ஒரு பக்கம். மைதீன் பிச்சை ஒரு பக்கம், உஸாமாவும் அவன் வாப்பாவும் இன்னொரு பக்கம். கதவுக்கு அந்தப் பக்கம் பாயில் சஃப்ரீனும் அவள் உம்மாவும். ஆபிதா வாசற்படி ஓரம் நின்றாள். ஹனீப் சொன்னபடியே ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

"நீங்க சம்மதம்னு சொன்னீங்களே டீச்சர், அந்தப் பிள்ள உங்கள்ட்ட என்ன சொல்லிச்சு?" ஹஜ்ரத் கேட்டார்.

"வேண்டாம் மிஸ்னு சொன்னா."

மைதீன் பிச்சை எழுந்துவிட்டார். "டீச்சர், பதிலுக்கு நீங்க என்ன சொன்னிய? எங்கள்ட்ட என்ன சொன்னிய? பிள்ளய நாங்க என்ன வித்தமா? நீங்க அன்னிக்கு வேண்டாம்ங்குதான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் என்ன, கழுத்தையா நெரிச்சிருப்பேன்? எம் பிள்ள அவ." அவர் குரல் உடைந்தது. "நான் கேக்கலன்னு சொல்லுவாங்க இனிமே. நான் கேட்டனே. ரெண்டு மட்டம் கேட்டனே. உங்கள விட்டும் கேக்கச் சொன்னனே."

அது உண்மை. அவர் மோசமானவர் என்று இத்தனை நாள் மனதின் ஒரு மூலையில் வைத்திருந்த ஆறுதலும் அத்தோடு போயிற்று. அவர் மகளின் பேச்சைச் சிரித்துத் தள்ளினவர்தான், ஆனால் கடைசியில் கேட்டவர். கேட்டவருக்குப் பொய்யைக் கொடுத்தவள் மார்க்கம் படித்தவள்.

"கையெழுத்துப் போட்டிருக்கே பிள்ள," என்றார் கமிட்டியில் ஒருவர்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சஃப்ரீனின் குரல் வந்தது. "மிஸ்ஸே சம்மதம்னு சொன்னதுக்குப் பொறவு நான் என்ன சொன்னாலும் யாரு நம்புவா? அதான் போட்டேன்."

வாய்திறந்து மறுத்த பிள்ளைக்கு நடந்தது நிக்காஹ் ஆகாது என்றார் ஹஜ்ரத். உஸாமா, "நீங்க அதுக்கு என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கோங்க ஹஜ்ரத், நான் விட்டுட்டேன். அந்தப் பிள்ள மேல யாரும் தப்பு சொல்லக் கூடாது," என்றான். அவன் வாப்பா தலையைக் குனிந்துகொண்டே அவனோடு இறங்கிப் போனார். ஆபிதாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் படியிறங்க வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள், அவ்வளவுதான். ஹனீப் முன்னால் போய்விட்டான்.

விஷயம் தாராவி முழுக்கப் பரவ ஒரு சாயங்காலம் போதும். திங்கட்கிழமை பெற்றோர்கள் சிலர் ஆபீஸ் ரூமில் வந்து நின்றார்கள். இரண்டு கட்சி. பிள்ளைகளுக்கு இவள் கண்டதைச் சொல்லிக் கொடுத்துக் கெடுத்ததால்தான் ஒரு குடும்பம் சந்தி சிரித்தது என்று ஒரு கட்சி. சொல்லிக் கொடுத்ததைத் தானே செய்யாதவளிடம் எங்கள் பிள்ளைகள் என்ன படிப்பது என்று இன்னொரு கட்சி. அவர்கள் போன பிறகு பத்மஜா ஆபிதாவைக் கூப்பிட்டாள்.

"ரெண்டாவதா சொன்னாளே, அவாளுக்கு நான் என்ன பதில் சொல்றது ஆபிதா?"

"அவங்க சொல்லுதது சரிதான் மேடம். நான் விட்டுட்டுப் போயிருதேன்."

"போறது சுலபம்," என்றாள் பத்மஜா. "நீங்க போயிட்டா, அந்தப் பாடத்தையும் எடுத்துடுங்கோன்னு மொதல் கட்சி வந்து நிப்பா. நான் யோசிக்கணும். அதுவரைக்கும் கிளாஸுக்குப் போங்கோ. ரொம்பக் கஷ்டமா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்." எழுந்து போய்ச் சுவரிலிருந்த செம்பூர் படத்தைக் கழற்றி, தூசியைத் துடைத்து, பீரோவுக்குள் வைத்தாள். ஆபிதா பார்க்கும்போதேதான் செய்தாள்.

பத்தாவது வகுப்பில் அன்று ஒரு சத்தம் இல்லை. சாயிமாவின் இடம் காலியாக இருந்தது. அவளை அன்றிலிருந்து தீனியாத் பீரியடில் லைப்ரரியில் உட்காரவைக்கும்படி வீட்டில் கேட்டிருந்தார்கள். ஆபிதா நாற்காலியில் உட்காராமல் நின்றாள். நிக்காஹ் பாடத்தைத் திறக்கச் சொன்னாள். இந்தத் தடவை அந்தக் கதையைச் சொன்னாள், முழுக்கச் சொன்னாள். முடித்தபோது, கதை சொல்லுங்க மிஸ் என்று அன்றைக்குக் கேட்ட பிள்ளை கையைத் தூக்கியது.

"மிஸ், நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பயம்."

"அந்த அங்கிள் அடிப்பாங்கன்னா?"

"இல்ல. என்னைய எல்லாரும் நல்லவளா நெனச்சிட்டிருந்தாங்க. அது போயிருமேன்னு பயம்."

பிள்ளை கையை இறக்கிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. மணி அடிக்கும்வரை முகம் சுட நின்றுகொண்டேயிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கின பிறகு ஒரு நாள், பத்மஜா ஆபிதாவை ஏதோ வேலையாகச் செம்பூருக்கு அனுப்பியிருந்தாள். போகிற வழியில் சுனாபட்டியில் ஒரு மாணவியின் வீட்டுக்கும் போய்விட்டு, ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்ஃபாரத்தில் நின்றாள். பக்கத்துத் தூணோரம் ஈரக் குடையோடு சஃப்ரீன் நின்றிருந்தாள். அவள் இப்போது சுனாபட்டியில் மாமி வீட்டில் இருந்து படிப்பதாக ஆபிதா கேள்விப்பட்டிருந்தாள். வேறு பக்கம் போய்விடலாமா என்று நினைத்தாள். அதற்குள் சஃப்ரீன் பார்த்துவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ்."

"வஅலைக்கும் ஸலாம்." ஆபிதா பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "வாப்பா பேசுதாங்களா?"

"கொஞ்சம் கொஞ்சமா. உம்மா வந்து பாத்துட்டுப் போறாங்க."

"சஃப்ரீன், நான் வீட்டுக்கு வந்து உங்கிட்டயும் உம்மாகிட்டயும்..."

"வேண்டாம் மிஸ்," என்றாள் சஃப்ரீன்.

அதே குரல். அதே தெளிவு. ஆபிதா தலையாட்டினாள். இந்தத் தடவை அதை மாற்றிச் சொல்ல யாரும் இல்லை.

"நீங்க கிளாஸ்ல சொன்னது சரிதான் மிஸ்," என்றாள் சஃப்ரீன், தண்டவாளத்தைப் பார்த்தபடி. "அதனாலதான் உஸாமாவுக்கு போன் பண்ண முடிஞ்சுது. அத நெனச்சா உங்க மேல கோவப்பட முடியல. அன்னிக்கு நடந்தத நெனச்சா உங்க மொகத்தப் பாக்க முடியல. ரெண்டும் சேந்து வருது. நான் என்ன பண்ண?"

வண்டி வந்தது. லேடீஸ் டப்பாவில் கூட்டம். குர்லாவில் ஒரு இடம் காலியானதும் சஃப்ரீனுக்குத்தான் முதலில் கிடைத்தது. உட்காரப் போனவள், ஆபிதா கம்பியைப் பிடித்து நிற்பதைப் பார்த்து நகர்ந்துகொண்டாள்.

"உக்காருங்க மிஸ்," என்றாள்.

மறுக்க ஆபிதாவுக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்தாள். சஃப்ரீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசற்பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள். செம்பூர் வந்ததும் இறங்கிக் குடையை விரித்துப் படிக்கட்டை நோக்கி வேகமாக நடந்தாள். ஆபிதாவும் அங்கேதான் இறங்க வேண்டும். அவள் தூரமாகப் போகட்டும் என்று கூட்டம் முழுக்க இறங்கும்வரை இடத்திலேயே இருந்துவிட்டு, வண்டி கிளம்புகிற நேரத்தில் கடைசி ஆளாக இறங்கினாள்.